கதை போன வழி, பாட்டு வந்த வழி

அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் கையில் எதுவும் இல்லை. உடுத்த துணியைக்கூட உருவிக்கொண்டுதான் ஏற்றினார்கள். அக்கரையில் ஏலம் முடிந்ததும் பெயரும் போனது. அமெரிக்கக் குடிக்கணக்கில் 1870 வரை அடிமையாக இருந்தவருக்குப் பெயர் எழுதும் வழக்கமே இல்லை. 1850இலும் 1860இலும் எடுத்த அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். தன் மூதாதையைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகிற கறுப்பினத்தவர் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் முட்டி நின்றுவிடுகிறார். அதற்கு முந்தைய காலத்தை ஏட்டில் தேடிப் பயனில்லை. யாராவது வாயால் காத்து வைத்திருந்தால்தான் உண்டு.

அப்படிக் காத்த குடும்பங்கள் மிகச் சில. அவற்றில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டென்னசி மாநிலத்தில் ஹென்னிங் என்ற சிற்றூரில் பாட்டிமார் சொல்லி வந்த கதை. அது அலெக்ஸ் ஹேலியின் கையில் ‘ரூட்ஸ்’ நூலாகி உலகம் சுற்றியது. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் படித்துக் கலங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். மற்றது, ஜார்ஜியா கடற்கரையில் ஹாரிஸ் நெக் என்ற இடத்தில் ஒரு வீட்டுப் பெண்கள் பாடி வந்த சில வரிப் பாட்டு. அதைக் கேள்விப்பட்டவர்களே நம்மில் குறைவு. ஆப்பிரிக்காவை நினைவில் காத்ததில் எது கெட்டி என்று கேட்டால் நான் பாட்டின் பக்கம் நிற்கிறேன். அதற்காகக் கதையைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஹேலி 1921இல் பிறந்தவர். சிறுவயதை ஹென்னிங்கில் பாட்டி சிந்தியா பாமரின் வீட்டில் கழித்தவர். தாத்தா வில் பாமர் அந்த ஊரில் மரக்கடை நடத்தியவர். அவர் காலமான பிறகு, கோடை வந்தால் பாட்டியின் உடன்பிறந்த பெண்கள் வந்து தங்குவார்கள். சாப்பாடு முடிந்து முன்திண்ணையில் ஆடும் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு பழைய காலத்துக்குப் போகும். அடிமை நாளில் யார் யாருக்குப் பிறந்தார், எந்தத் தோட்டத்தில் இருந்தார், யாரை எங்கே விற்றார்கள் என்று தொடங்கி, முடிவில் ‘அந்த ஆப்பிரிக்கர்’ என்று அவர்கள் குறிப்பிடும் ஒருவரிடம் போய் நிற்கும். அவர் மத்தளம் செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டவர். டோபி என்று பெயர் வைத்தபோது அதை ஏற்க மறுத்தவர். நான்காவது முறை தப்பி ஓடிப் பிடிபட்டபோது பாதத்தை வெட்டினார்கள். தன் மகளுக்கு அவர் ஒவ்வொரு பொருளாகக் காட்டி அதன் பெயரைத் தன் மொழியில் சொல்லிக்கொடுத்தார். நரம்பு வாத்தியத்தைக் கண்டால் ‘கோ’ என்றார். அங்கே ஓடிய ஆற்றைக் காட்டிக் ‘காம்பி போலோங்கோ’ என்றார். வீட்டில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு.

ஹேலி கடலோரக் காவல் படையில் இருபதாண்டு வேலை பார்த்து, பிறகு எழுத்தாளராகி, 1965இல் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை எழுத்தில் கொண்டுவந்த பின், இந்தக் கதையின் மறுமுனையைத் தேடிப் புறப்பட்டார். விஸ்கான்சினில் வாய்மொழி வரலாற்று ஆய்வின் முன்னோடியான யான் வான்சினாவைச் சந்தித்தார். பாட்டி சொன்ன ஒலிகள் மண்டிங்கா மொழியைச் சேர்ந்தவையாக இருக்கலாம், அந்த ஆறு காம்பியாவாக இருக்கலாம் என்று வான்சினா சொன்னார். 1967இல் ஹேலி காம்பியா நாட்டின் ஜுஃபுரே கிராமத்தில் கெபா ஃபோஃபானா என்ற முதியவர் முன் உட்கார்ந்தார். முதியவர் கிண்டே குலத்தின் வம்சாவளியை நீளமாகச் சொல்லி வந்தார். அதன் நடுவில், அரசனின் படைவீரர்கள் வந்த காலத்தில் குண்டா என்ற இளைஞன் மரம் வெட்டப் போனவன் திரும்பவே இல்லை என்றார். ஹென்னிங் திண்ணையும் ஜுஃபுரே மரத்தடியும் ஒரே கதையைச் சொன்னதாக ஹேலிக்குத் தோன்றிய அந்தக் கணத்தின் மேல்தான் ‘ரூட்ஸ்’ கட்டப்பட்டிருக்கிறது.

இனி பாட்டு. லொரென்சோ டவ் டர்னர் 1890இல் பிறந்த கறுப்பின மொழியியலாளர். 1929இல் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்கில் பாடம் நடத்தியபோது, கடலோரத் தீவுகளிலிருந்து வந்த மாணவர்களின் பேச்சில் ஏதோ வேறு ஒலி இருப்பதைக் கவனித்தார். குல்லா எனப்படும் அந்த மக்களின் பேச்சைக் கொச்சை ஆங்கிலம் என்றுதான் அன்றைய அறிஞர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். டர்னர் கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போனார். 1930களின் தொடக்கத்தில் ஹாரிஸ் நெக்கில் அமிலியா டாலி என்ற பெண்மணி அவருக்கு ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். தாய்வழி வந்த பாட்டு. பொருள் அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு சியரா லியோன் மாணவர் கேட்டுவிட்டு, இது எங்கள் ஊர் மெண்டே மொழி என்றார். டர்னரின் நூல் 1949இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க மொழியில் ஓர் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் காத்து வைத்தவற்றுள் இதுவே மிக நீளமான பனுவல் என்கிறார்கள். ‘மிக நீளமான’ என்பது சில வரிகள்தான். எத்தனை அழிந்திருந்தால் இந்தச் சில வரிகள் நீளமாகத் தெரியும்!

பாட்டு ஜார்ஜியாவுக்கு வந்த வழியை ஊகிக்க முடிகிறது. சியரா லியோன் ஆற்றின் நடுவே, இன்றைய ஃப்ரீடவுனிலிருந்து சுமார் 20 மைல் உள்ளே, பன்ஸ் தீவு என்ற சிறு திட்டில் பிரிட்டிஷ் வணிகர்களின் அடிமைக் கோட்டை இருந்தது. அங்கிருந்து சார்ல்ஸ்டனுக்கும் சவானாவுக்கும் கப்பல்கள் போயின. தென் கரோலினா, ஜார்ஜியா தோட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது நெல் விளைவிக்கத் தெரிந்த ஆள். சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, நீரை ஏற்றி இறக்கி நெல் விளைவிக்கும் கலை மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தக் கடற்கரைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்த அறிவுக்காகவே அவர்களுக்கு விலை கூடியது. கொசுவும் காய்ச்சலும் மிகுந்த அந்தத் தோட்டங்களில் வெள்ளைக் குடும்பங்கள் கோடையில் தங்கியதில்லை. தீவுகளில் கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். இந்த ஒதுக்கத்தில்தான் குல்லா பேச்சும், கூடை முடைதலும், இந்தப் பாட்டும் பிழைத்தன.

இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். மறு ஆண்டே இயற்றிய சட்டத்தில் முரசுக்குத் தடை வந்தது. ஹேலி குடும்பத்து ஆப்பிரிக்கர் மரம் வெட்டப் போனது மத்தளம் செய்ய. அந்த மத்தளம் கதையில் வெறும் பெயராகத்தான் மிஞ்சியது. எந்தத் தாளத்தில் வாசித்திருப்பார், எந்தப் பாட்டுக்கு வாசித்திருப்பார் என்பது ஹென்னிங் திண்ணையை எட்டவே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒரு பெண் முணுமுணுக்கும் மெட்டை எந்தச் சட்டத்தால் தடுக்க முடியும்? கருவி வேண்டாம், கூட்டம் வேண்டாம், அனுமதி வேண்டாம். கதை இசையின் பெயரைக் காத்தது, மெட்டை விட்டது. பாட்டு மெட்டைக் காத்தது, பாடியவர்களின் பெயரை விட்டது.

பாட்டைத் தேடிய கதைக்கு வருகிறேன். பன்ஸ் தீவை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜோசப் ஒபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் தாசிஃப் கொரோமா ஆகிய மூவரும் டர்னரின் ஒலிப்பதிவைக் கையில் எடுத்தார்கள். பாட்டிலிருந்த ஒரு சொல் மெண்டே நாட்டின் தென்பகுதி வழக்கில் மட்டும் உள்ளது என்று கொரோமா கண்டார். தேட வேண்டிய பரப்பு அத்தோடு சுருங்கியது. ஷ்மிட் தென்பகுதிக் கிராமங்களில் பதிவைப் போட்டுக் காட்டிக்கொண்டே போனார். 1990இல் செனெஹுன் ங்கோலா என்ற உட்கிராமத்தில் பெண்டு ஜபாட்டி என்ற பெண்மணி அதைக் கேட்டதும், கிட்டத்தட்ட அதே வரிகளைத் தானும் பாடினார்.

அது இழவுப் பாட்டு. இறந்தவர் ஆற்றைக் கடந்து முன்னோரிடம் சேர்வதற்காக, சமாதியருகில் சோறு படைத்துச் செய்யும் தென்ஜாமி என்ற சடங்கில் பெண்கள் பாடுவது. மெண்டே வழக்கத்தில் பிறப்புச் சடங்கும் இறப்புச் சடங்கும் பெண்கள் பொறுப்பு. கிறித்தவமும் இஸ்லாமும் பரவிய பிறகு அந்தச் சடங்கு ஊரில் நின்றுபோயிருந்தது. ஆனால் பெண்டுவின் பாட்டி இந்தப் பாட்டைப் பேத்திக்குக் கற்றுக்கொடுத்து, தொலைந்த உறவினர் என்றாவது திரும்பி வருவார்கள், இதை வைத்து அவர்களை அடையாளம் கண்டுகொள் என்று சொல்லிப் போயிருந்தார்.

ஒபாலாவும் ஷ்மிட்டும் ஜார்ஜியாவுக்குப் போய் அமிலியாவின் மகள் மேரி மோரனைக் கண்டார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்கும் பாட்டு மனப்பாடம். சியரா லியோனில் 1991இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் பயணம் தள்ளிப்போய், 1997இல்தான் மேரி குடும்பத்தோடு செனெஹுன் ங்கோலாவுக்குப் போக முடிந்தது. கண் தெரியாத தொண்ணூறு வயதுத் தலைவர் நபி ஜா, நின்றுபோன தென்ஜாமியை மேரிக்காக மறுபடி நடத்தி வைத்தார். ‘தி லாங்வேஜ் யூ க்ரை இன்’ என்ற 1998 ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். அதில் நான் மிகவும் மதிப்பது, இரண்டு பெண்களும் சேர்ந்து பாடும்போது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படாததை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, கேள்வி கேட்ட விதம். ‘ரூட்ஸ்’ வெளியான மறு ஆண்டே, 1977இல், லண்டன் செய்தியாளர் மார்க் ஓட்டவே ஜுஃபுரேவுக்குப் போய் வந்து எழுதினார். ஃபோஃபானா ஜாலி என்னும் பரம்பரைக் கதைசொல்லிகளிடம் முறையாகப் பயின்றவர் அல்லர் என்றும், அமெரிக்காவிலிருந்து வருபவர் என்ன கேட்க விரும்புகிறார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்றும் அவர் காட்டினார். ஹேலி தன் குடும்பக் கதையைக் காம்பியாவில் பலரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கதைதான் சுற்றி அவரிடமே திரும்பியது. வரலாற்றாசிரியர் டொனால்ட் ரைட் 1981இல் இதையே இன்னும் விரிவாக எழுதினார். அதே ஆண்டு கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் தம்பதியர் வர்ஜீனியா ஆவணங்களைப் புரட்டி, ஹேலி அந்த ஆப்பிரிக்கரின் உடைமையாளராகக் காட்டும் வாலர் குடும்பத்தின் டோபி 1767க்கு முன்பே அங்கே இருந்ததைக் கண்டார்கள். ஹேலியின் கணக்கிலோ குண்டா 1767 செப்டம்பரில் ‘லார்ட் லிகோனியர்’ கப்பலில் அனாபொலிஸ் வந்து இறங்கியவர். அந்தக் கப்பல் உண்மை. காம்பியாவில் 140 பேரை ஏற்றி 98 பேரை உயிரோடு இறக்கியது உண்மை. அதில் இந்த மனிதர் வந்தார் என்பதுதான் நிற்கவில்லை. நூலின் சில பகுதிகள் ஹரால்ட் கூர்லாண்டரின் நாவலை ஒட்டியிருந்தன என்ற வழக்கு 1978இல் 6,50,000 டாலர் கொடுத்துச் சமரசமானது தனிக் கதை. அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

ஜுஃபுரே வருணனைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நூலில் அது வெளியுலகம் தீண்டாத பசுமையான கிராமம். நிஜ ஜுஃபுரே, காம்பியா ஆற்றின் நடுவே இருந்த ஜேம்ஸ் தீவுக் கோட்டைக்கு எதிர்க்கரையில் இருந்த வணிக ஊர். ஐரோப்பியரும் உள்ளூர்த் தலைவர்களும் அடிமைகளை விற்று வாங்கிய நடவடிக்கையில் அதற்கும் பங்கு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் வெள்ளையரை நன்கு அறிந்தவர்கள். ஹேலி இதைத் தெரிந்தேதான் மாற்றினார். எல்லாம் பறிபோன தன் மக்களுக்கு ஒரு மாசற்ற பிறந்த ஊர் வேண்டும் என்று நினைத்தார். அந்த ஆசையின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பிடித்துக் கொடுத்த கைகளில் ஆப்பிரிக்கக் கைகளும் இருந்ததை மறைத்தால், பிடிபட்டவருக்கு நடந்த துரோகத்தில் பாதி சொல்லாமல் போகிறது.

பாட்டுக்கு ஏன் இந்தக் கதி நேரவில்லை? அமிலியாவுக்கும் அவர் தாய்க்கும் பொருள் தெரியாது என்பதே அதைக் காத்தது என்று நான் நம்புகிறேன். புரிகிற கதையை ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கு வளைக்கும். வீரத்தைக் கூட்டும், அவமானத்தைக் குறைக்கும், கேட்பவர் முகம் பார்த்து முடிவை மாற்றும். புரியாத வரியை எப்படி வளைப்பது? தாய் எப்படிப் பாடினாரோ அப்படியே பாடுவதைத் தவிர வழியில்லை. அசை தேய்ந்திருக்கலாம், ஓரிரு சொல் உருண்டிருக்கலாம். நடுவில் யாரும் தன் ஆசையை அதில் ஏற்றவில்லை. மேலும் டர்னரின் ஒலித்தட்டில் அது பதிவானபோது செனெஹுன் ங்கோலா என்ற ஊரை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆறு பத்தாண்டு கழித்து வரப்போகும் சந்திப்புக்காக யாரும் அதைத் தயாரித்திருக்க முடியாது. சான்று என்ற வகையில் இதைவிடச் சுத்தமானது எளிதில் கிடைக்காது.

இங்கே ஒருவர் மடக்கிக் கேட்கலாம்: ஷ்மிட்டும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுத்தானே கேட்டார்? பெண்டுவுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துதானே இருக்கும்? நியாயமான கேள்வி. அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். ஜார்ஜியாவில் ஒரு குடும்பம் மெண்டே இழவுப் பாட்டைக் காத்தது என்பது உறுதி; அதற்குப் பெண்டுவின் சாட்சியம்கூட வேண்டாம். அது தென்பகுதி மெண்டே வழக்கு என்பதும் மொழியே சொல்வது. மேரியின் முன்னோர் இந்தக் கிராமத்திலிருந்தேதான் போனார்கள் என்பது மட்டும் உறுதியில்லாதது. பக்கத்து ஊர்களிலும் அதே பாட்டு ஒருகாலத்தில் இருந்து மறைந்திருக்கலாம். பாட்டு ஒரு வட்டாரம் வரை நம்மைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறது. வாசற்படி வரை போனது, போனவர்களின் மனம். ஹேலி செய்ததும் அதேதான். ஆனால் அவர் மனம் போன தூரத்தையும் ஆவணம் போன தூரத்தையும் ஒரே பாதையாக எழுதிவிட்டார்.

இதைச் சொன்ன கையோடு கதைக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சியில் ஓடியபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 13 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவரை அடிமை முறையைப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருந்த நாடு, ஒரு மனிதனுக்குப் பெயரும் தாய் தகப்பனும் ஊரும் இருந்ததைப் பார்த்தது. ஆவணக் காப்பகங்களுக்குக் கறுப்பினத்தவர் வந்து தங்கள் முன்னோரின் பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். அவர்களுக்கான வம்ச ஆய்வுச் சங்கம் அந்த ஆண்டே தோன்றியது. ஜேம்ஸ் தீவு 2011இல் குண்டா கிண்டே தீவு என்று பெயர் மாறியது. ஹேலியின் தவறுகளைக் கண்டுபிடித்த ஆர்வம்கூட ஹேலி மூட்டிய தீயிலிருந்து வந்ததுதான். ஒரு பாட்டால் இது முடிந்திருக்காது. பொருள் தெரியாத சில வரிகள் 13 கோடிப் பேரை எட்டு இரவு உட்கார வைக்காது. ஊர், தேதி, கப்பல் எல்லாம் உதிர்ந்த பிறகும் ஹென்னிங் திண்ணையில் மிஞ்சுவது சிறிதல்ல: விற்கப்பட்ட ஒவ்வொருவரையும் யாருடைய மகன், யாருடைய மகள் என்று சொல்லிச் சொல்லி மறக்கவிடாமல் வைத்திருந்த பெண்கள்.

இரண்டிலும் காவல் காத்தது பெண்கள்தான் என்பதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஹேலி தன் பாட்டியிடம் பெற்றதை விட்டுவிட்டு, ஜுஃபுரே ஆண்களின் வம்சாவளியில் அத்தாட்சி தேடினார். ஒபாலாவும் ஷ்மிட்டும் இரு கரையிலும் பேத்திகளையே கண்டார்கள்.

பாட்டால் ஆகாதது இன்னொன்றும் உண்டு. அடிமை முறை ஒழிந்த பின் ஹாரிஸ் நெக்கில் கறுப்பினக் குடும்பங்கள் சொந்த நிலத்தில் வீடு கட்டி, பயிர் செய்து, மீனும் சிப்பியும் பிடித்து வாழ்ந்தன. 1942இல் போர் விமானத் தளத்துக்கென்று அரசு அந்த ஊரை எடுத்துக்கொண்டது. குறுகிய கெடு கொடுத்து மக்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. 1962இல் அது வனவிலங்குப் புகலிடமானது. 1979இல் அந்தக் குடும்பங்கள் திரும்பிப் போய்க் கூடாரம் அடித்தன; சிலரைச் சிறையில் வைத்தார்கள். கோரிக்கை இன்றும் தொடர்கிறது. அதில் அவர்கள் முன்வைப்பது மெண்டே பாட்டை அல்ல. யார் வீடு எங்கே இருந்தது, எந்த மரத்தடியில் பள்ளிக்கூடம், யார் வயலை எந்திரம் விட்டு அழித்தார்கள் என்று முதியவர்கள் பெயர் சொல்லி, இடம் காட்டிச் சொல்லும் கதைகளை. ஒரு பாட்டு அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டியது. அரசு அலுவலகத்தில் கேட்பது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை.